பிடி அரிசிக் கிடாய்

வீட்டில் மிச்சமாகும் காசு யாருக்குச் சொந்தம்? சம்பாதித்தவருக்கா, மிச்சம் பிடித்தவருக்கா? உடனே வாயைத் திறக்காதீர்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அடுப்பில் பருப்பு வேகிற நேரம்தான் ஆகும்.

தென்காசிப் பக்கம் ஓர் ஊரில் பூல்பாண்டி என்று ஒரு கொத்தனார். அவன் மனைவி மாரிச்செல்வி, கைக்குழந்தைக்காரி. பூல்பாண்டியின் தங்கை முப்பிடாதி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் தையல் படித்தவள். குழந்தையைச் சேர்க்காவிட்டால் சோறு தின்கிற வாய் மூன்று. மாதம் ஒரு சிப்பம் அரிசி வாங்குவார்கள். அது மாதக் கடைசி வரை சரியாக வரும்.

ஆடியில் யாரும் புதுவீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். கொத்தனார் வீட்டில் கை காய்ந்து கிடக்கிற மாதம். அந்த மாதம் பார்த்துக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பக்கத்து வீட்டில் கை நீட்ட வேண்டியதாயிற்று. காய்ச்சல் இறங்கிய அன்றே மாரிச்செல்வி ஒரு பழக்கத்தை ஆரம்பித்தாள். உலைக்கு எப்போதும் போல மூன்று ஆழாக்கு அரிசி அளப்பாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூலையில் இருந்த மண்பானையில் போட்டு மூடுவாள். காலை உலைக்கு ஒரு பிடி, சாயங்கால உலைக்கு ஒரு பிடி.

“ஒரு பிடி குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள்.

“எனக்குத் தெரியலை. என் தட்டுல எப்பவும் போலத்தான் மலை நிக்குது” என்றான் பூல்பாண்டி.

அந்த வீட்டில் சாப்பாடு நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிறவன் என்று பூல்பாண்டிக்கு முதல் தட்டு. பால் கொடுக்கிறவள் வயிறு காயக் கூடாது என்று மாரிச்செல்விக்கு அவன் பக்கத்திலேயே ஒரு தட்டு. பரிமாறுவது முப்பிடாதி, இடுப்பில் குழந்தையோடு. அவர்கள் கை கழுவிக் குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் அடுப்படியில் உட்காருவாள். சோறு தின்றுவிட்டு, வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஒரு சொம்பு குடிப்பாள். அந்த ஆடிக் காற்றில் பிடித்த பழக்கம்.

“ஏட்டி, உனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது, இவளுக்குச் சோத்துச் செலவே கிடையாதுன்னு சொல்லி நகையைக் குறைச்சுக்கிடலாம்” என்று அண்ணன் கேலி செய்வான்.

“கஞ்சி குடிச்சா முடி வளரும். உங்க தலைக்கும் ரெண்டு சொம்பு வேணும்” என்பாள் முப்பிடாதி.

பானை நிறைய நிறைய, மாரிச்செல்வி அரிசியைச் சாப்பாட்டுக் கடைக்கு விற்றாள். சித்திரையில் அந்தக் காசுக்குப் பால் மறந்த கிடாய்க்குட்டி ஒன்று வாங்கினாள். முப்பிடாதி அதை மேய்த்தாள். குட்டி கொழுத்தது. அடுத்த சித்திரைக் கடைசியில் வியாபாரி வந்து, கிடாயைத் தடவிப் பார்த்து, பதினோராயிரம் எண்ணி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். பணம் பானை மூடியின் மேல் இருந்தது. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பூல்பாண்டி சொன்னான்: “அரிசி வாங்கினது நான் சாந்து பூசுத கரணை. பஸ்ஸை நம்பிப் போயி வாரத்துல ஒரு நாள் வேலை போகுது. பைக்குக்கு முன்பணம் கட்டிருதேன்.”

மாரிச்செல்வி விடவில்லை. “நீங்க வாங்கினதை விட்டிருந்தா உலையோட போயிருக்கும். நிறுத்தினது என் கை. தபாலாபீசுல போடப்போறேன். மறுபடி ஆடி வருது.”

முப்பிடாதி மெதுவாகத்தான் கேட்டாள். “மேய்ச்சது நான். தையல் மிஷின் இருந்தா, பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள நாலு வீட்டு யூனிஃபார்ம் தைக்கலாம். துணி எடுத்து வச்சிட்டுக் காத்திருக்காங்க. இந்த மாசத்தை விட்டா இனி அடுத்த வருசம்தான்.”

“மேய்ச்சதுக்குக் கூலி தாரோம். மேய்ச்சவ எல்லாம் கிடாய்க்குச் சொந்தக்காரின்னா, ஊர்ல ஒருத்தனுக்கும் ஆடு மிஞ்சாது” என்றான் அண்ணன். முப்பிடாதி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டு எடுக்கப் போனாள்.

சம்பாதித்தவன் ஒருவன், மிச்சம் பிடித்தவள் ஒருத்தி, மேய்த்தவள் ஒருத்தி. இப்போது சொல்லுங்கள்: அந்தக் கிடாய் உண்மையில் யாருடைய காசில் வந்தது? பணம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: முப்பிடாதிக்கு. மேய்த்தது கணக்கில் சேராது, அண்ணன் சொன்னது நியாயம்தான். விடைக்கு வழியைத் திறந்தது மாரிச்செல்வி. “நான் பிடி எடுத்து உங்க தட்டு குறைஞ்சிச்சா? என் தட்டுதான் குறைஞ்சிச்சா?” என்று புருஷனிடம் ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படியில் இருந்த கஞ்சிச் சொம்பைப் பார்த்தாள். மூன்று பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி போனால், எங்கேயாவது குறைந்தாக வேண்டும். முதல் தட்டிலும் குறையவில்லை, இரண்டாம் தட்டிலும் குறையவில்லை. கடைசியாகச் சாப்பிட்டவள் வேளைக்கு ஒரு பிடி விட்டுக்கொடுத்து, அந்த இடத்தைக் கஞ்சியால் நிரப்பியிருக்கிறாள்.

“ஏன் சொல்லலை?” என்று கேட்டாள் மாரிச்செல்வி.

“காய்ச்சல்ல பிள்ளை அனத்தினது எனக்கும்தான் கேட்டுச்சு மதினி.”

மாரிச்செல்வி பணத்தை எடுத்து நாத்தனார் கையில் வைத்தாள். பானையைத் தூக்கிப் பரணில் போடப் போனாள். முப்பிடாதி தடுத்துவிட்டாள். “பானை இருக்கட்டும். மூணு தட்டுலயும் சமமாக் குறைச்சுக்கிடுவோம்.”

பூல்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பிடாதி அவனிடம் வந்து குழந்தையை நீட்டினாள்.

“அண்ணே, இவனைக் கொஞ்சம் வச்சுக்கிடுங்க. இன்னைக்கு நான் முதல்ல சாப்பிட்டுருதேன்.”