கூப்பிடாத வாசல்

கோமதிநாயகம் மடத்துக்குள் நுழைந்தபோது கையில் சீர்த்தட்டு இருந்தது. பட்டுப்புடவை, வேட்டி, பழம், வெற்றிலை எதுவும் கலையவில்லை. தங்கை ஆவுடையம்மாளின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குக் கொண்டுபோன தட்டு. போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

குரு முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் சீடர் கோமதிநாயகத்தைவிட ரொம்ப இளையவர். சீடர் அவரைச் ‘சாமி’ என்பார். அவர் சீடரை ‘அண்ணாச்சி’ என்பார்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. கோமதிநாயகம் தானே பாயை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“வாசல்ல நின்னு வாய் நிறைய எல்லாரையும் ‘வாங்க வாங்க’ன்னு கேக்கா சாமி. மாமியார் ஊர்க்காரங்களுக்கு வாங்க. பெயிண்ட் அடிச்சவனுக்கு வாங்க. என்னையும் பார்த்தா. பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா! நான் என்ன, அவ வீட்டுச் சோத்துக்கு அலையுதவனா?”

“அவங்களுக்கு என்ன கோபம்?”

“என் மகன் கல்யாணத்துல அவ வீட்டுக்காரரை நான் வாங்கன்னு கேக்கலியாம். கல்யாண வீட்டுல ஆயிரம் ஜோலி. ஒரு வார்த்தை விட்டுப்போச்சு. அதுக்கு இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா.”

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ஆங்காரமா என்று கொதித்த மனிதர், அதே ஒரு வார்த்தைக்காகத்தான் தட்டோடு திரும்பியிருந்தார். அது அவருக்கு உறைக்கவே இல்லை. மானம் என்று வந்துவிட்டால் நம்மில் யாருக்குத்தான் உறைக்கிறது?

“இனி அந்த வாசப்படியை மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பிறக்கல. சொல்லுங்க சாமி, நான் செஞ்சது தப்பா?”

“இப்ப நீங்க வந்தப்ப நான் வாங்கன்னு கேட்டேனா?”

“இல்ல.”

“ஏன் திரும்பிப் போகல?”

“இது நம்ம இடம்லா. இங்க எதுக்கு அதெல்லாம்?”

“அது யார் வீடு?”

கோமதிநாயகத்துக்குச் சுள்ளென்று ஏறியது.

“பேச்சுல மடக்காதீங்க சாமி, எனக்கு வயிறு எரியுது. அவளைத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். ‘வாங்கண்ணே’ன்னு அவ வாயால கேக்கட்டும், போறேன். கேக்காத வீட்டுக்கு எந்த மானஸ்தன் போவான்?”

“போகவே மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“யாரும் யாரையும் வாங்கன்னு கேக்காத நாள் ஒண்ணு எல்லா வீட்டுக்கும் வருமே, அன்னைக்கு?”

கோமதிநாயகம் பாயை விட்டு எழுந்துவிட்டார்.

“சாவையா சொல்லுதீங்க? நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது! அவளுக்கு ஒண்ணுன்னா நான் போகாம? பிறந்த வீட்டுக் கோடித்துணி நான்லா எடுத்துட்டுப் போய்ப் போத்தணும். சாவு வீட்டுல வாங்கன்னு யாரு கேப்பா, அதை யாரு எதிர்பார்ப்பா? விழுந்தடிச்சு ஓடுவேன்.”

குரு கீரையைக் கீழே போட்டார். அவருக்கும் கோபம் வந்துவிட்டிருந்தது.

“ஓடுங்க. அன்னைக்கும் அவ ‘வாங்கண்ணே’ன்னு கேக்க மாட்டா, அண்ணாச்சி.”