யாரிடமும் சொல்லாதவர்

வேதவல்லியிடம் ஆய்வு வேலை பழக வந்தபோது சவரிராஜுக்கு ஐம்பத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்து மூன்றுதான். காப்பீட்டுக் கம்பெனிகளின் உள்நிலவரத்தைத் தோண்டிப் பார்ப்பது அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்த வேலை. பார்த்ததை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம்.

தூத்துக்குடியில் ஒரு கம்பெனியை நான்கு வாரம் தோண்டினார்கள். நிலைமை மோசம். ஆனாலும் புது முதலாளிகள் வருகிறார்கள், மூன்று மாதம் பொறுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று வேதவல்லி அறிக்கை எழுதினார்.

மகள் கல்யாணத்துக்கென்று சவரிராஜ் போட்டுவைத்த பாலிசி அதே கம்பெனியில்தான் இருந்தது.

"மேடம், ரகசியம்னா எதுவரைக்கும்?"

வேதவல்லி மேஜையிலிருந்த கோப்பு ஒன்றை அவர் பக்கம் தள்ளினார். பிலோமினா என்ற பெண்ணின் கோப்பு. புருஷன் விசைப்படகோடு கடலில் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். காப்பீட்டுத் தொகை அடுத்த மாதம் கிடைக்கும் என்று கம்பெனி எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் அவள் புகைப்படம்.

சவரிராஜ் படித்துவிட்டு மூடினார். வாயைத் திறப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்தான், பாவம்.

திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போய்த் தன் பாலிசியை மட்டும் சரண்டர் செய்து பணத்தை எடுத்தார்.

"திடீர்னு ஒரு செலவும்மா."

கவுன்ட்டரில் இருந்த பெண் பாரத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். நான்கு வாரமாக உள்ளறையில் உட்கார்ந்திருந்தவர் இவர் என்று அவளுக்குத் தெரியும். மதியம் தன் அம்மாவின் பாலிசியை சரண்டர் செய்தாள்.

வியாழக்கிழமை பணத்தைத் திரும்பக் கேட்டுத் தெருமுனை வரைக்கும் கூட்டம். புது முதலாளிகள் பின்வாங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஷட்டர் இறங்கியது.

சனிக்கிழமை வேதவல்லி சரண்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு சவரிராஜை அங்கே கூட்டிக்கொண்டு போனார். மூடிய ஷட்டருக்கு முன்னால் புகைப்படத்தில் பார்த்த அதே முகம். கையில் கம்பெனியின் கடிதம்.

"எப்ப சார் திறப்பாங்க?" என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரரைக் கேட்டாள் பிலோமினா.

"தெரியாதும்மா. வீட்டுக்குப் போங்க."

அவள் போகவில்லை. படியில் உட்கார்ந்தாள்.

சவரிராஜ் வேதவல்லியின் பக்கம் திரும்பினார்.

"நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல மேடம். என் மக மேல சத்தியம்."

"தெரியும் சார்," என்றார் வேதவல்லி. "நீங்க சொல்லல. வரிசைல முதல் ஆளா நின்னீங்க."