சிம்மாசனத்தில் படுத்த கருப்பட்டி

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்றுச் சீமையை அழகேச பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார். பிடிக்கவில்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிவிடுவார். அதனால் ஜனங்கள், ராஜா சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டுத்தான் சட்டத்துக்குக் கீழ்ப்படிவார்கள்.

அவரிடம் கருப்பட்டி என்று ஒரு வேட்டை நாய் இருந்தது. பேருக்குத்தான் வேட்டை நாய். எதிரே முயல் வந்தால் ஒதுங்கி வழிவிடும். ராணி செண்பகவல்லிக்கு அது உயிர். ராணியின் ஊஞ்சல், ராஜாவின் கட்டில், விருந்தாளிகளின் திண்டு மெத்தை எல்லாவற்றிலும் அது படுத்து எழுந்திருக்கும். ராஜாவின் பட்டு அங்கவஸ்திரத்தில் எந்நேரமும் நாலு முடி ஒட்டியிருக்கும். நாயை மெத்தையில் ஏற்றலாமா என்று ராஜாவுக்கும் ராணிக்கும் தினமும் சண்டை. சண்டை முடிவதற்குள் நாய் தூங்கிவிடும்.

யார் எங்கே உட்காரலாம், யார் நிற்க வேண்டும், யார் எவ்வளவு குனிய வேண்டும் என்கிற சபைக் காரியங்களைக் கவனித்தவர் தாண்டவராயர். மந்திரி ஆதிமூலம் ராஜாவுக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்காருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. சிரிக்கப் பேசியே அந்த இடத்தைப் பிடித்தவன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

அது மார்கழி மாதம். ராஜா வேட்டைக்குப் போய்ச் சில நாள் கழித்துத் திரும்பினார். மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாத குளிர். ஆகவே முற்றத்து வெயிலில் சபை கூடியது. தாண்டவராயர் எழுந்தார். ராஜா ஊரில் இல்லாத நாட்களில் கருப்பட்டி சிம்மாசனத்திலேயே ஏறிப் படுத்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். நாய்க்கு இப்படி இடம் கொடுக்கலாம் என்று ராணிக்கு யோசனை சொன்னதே மந்திரிதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அரசரைத் தவிர வேறு யார் அதில் ஏறினாலும் ராஜத் துரோகம், மகாராஜா. கழுதைமேல் உட்காரவைத்து எல்லைக்கு அப்பால் துரத்த வேண்டும். இரண்டு காலா நாலு காலா என்று சட்டம் பார்க்காது."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. அப்படியே ஆகட்டும் என்றார்.

முற்றத்து ஓரமாகக் கட்டியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் நிதானமாக வந்தது. "கழுதை கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். நாயோடு நானும் ஏறிக்கொள்கிறேன்."

அந்தக் குளிரிலும் ராஜாவுக்கு வியர்த்தது. ராணி சொன்னால் செய்கிறவள். சட்டத்தை மாற்றலாமென்றால் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் பரிதாபமாக ஆதிமூலத்தைப் பார்த்தார்.

துரத்துவதற்குமுன் குற்றவாளி ஏறும் அழகை ஒருமுறை பார்த்துவிடலாமே என்றார் ஆதிமூலம். எல்லோரும் மண்டபத்துக்குள் போனார்கள். கருப்பட்டி சிம்மாசனத்தின்மேல் ஒரு காலை வைத்தது. உடனே வெடுக்கென்று எடுத்துக்கொண்டு தரையில் சுருண்டது. ஆதிமூலம் தம் ஆசனத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். அவர் நிமிர்வதற்குள் நாய் அதில் ஏறிவிட்டது.

ராஜாவுக்கு ஒரே குஷி. தாமும் சிம்மாசனத்தில் உட்கார்ந்து எழுந்தார். நாய் அங்கே தாவியது. சேனாதிபதி தம் ஆசனத்தில் உட்கார்ந்து எழுந்தார், அங்கேயும் வந்தது. கொஞ்ச நேரத்தில் சபை முழுவதும் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. யார் யாருக்குக் குனிவது என்று தெரியாமல் தாண்டவராயர் எல்லாத் திசையிலும் குனிந்துகொண்டிருந்தார்.

"என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, மகாராஜா," என்றார் ஆதிமூலம். "நான் எழுந்தால் அது என் கட்டிலில் ஏறிவிடும். அதற்குக் கட்டில் வேண்டாம், பதவியும் வேண்டாம். நான் விட்டுப்போன சூடு போதும்." பிறகு திரும்பினார். "ராயரே, மகாராஜா ஊரில் இல்லாதபோது இந்த மண்டபத்துக்குள் யார் யார் வருவார்கள்?"

"ஒரு ஈ நுழைய முடியாது. சாவி என் இடுப்பில். மத்தியானம் நான் மட்டும் வந்து மேற்பார்வை பார்ப்பேன். இந்த நாய்தான் என் பின்னாலேயே..."

சொன்னது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது.

"அப்படியானால்," என்றார் ஆதிமூலம், "நாய் ஏறுவதற்குமுன் சிம்மாசனத்தைச் சூடாக்கியது யார்?"

தாண்டவராயர் இடுப்புச் சாவியைக் கையால் மூடிக்கொண்டார். ராஜா இரண்டு கழுதைகளாகக் கொண்டுவரச் சொன்னார்.

தாண்டவராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அதன்பிறகு அந்த நாய்க்காக அவர் வாதாடியதுபோல் யாரும் யாருக்காகவும் வாதாடியிருக்க மாட்டார்கள். வாயில்லாத ஜீவன் என்றார். ராஜ்யத்தைப் பிடிக்கவா ஏறியது, குளிருக்கு ஒதுங்கியது என்றார். பட்டில் நாலு முடி ஒட்டினால் அதுவும் ஒரு சரிகைதான் என்றார். மண்டபத்துத் திரைக்குப் பின்னால் ராணி சிரித்த சிரிப்பில் திரையே ஆடியது.

ராஜா குனிந்து கேட்டார். "நீர் ஏன் ஐயா உட்கார்ந்தீர்?"

"சும்மா... எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான்."

"எப்படி இருந்தது?"

"எலும்புவரைக்கும் ஜில்லென்று இருந்தது, மகாராஜா."

ராஜா சிம்மாசனத்தைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் தினமும் அப்படித்தான் இருக்கிறது," என்றவர், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கழுதைகள் லாயத்துக்குத் திரும்பின. ராஜா தம் அங்கவஸ்திரத்தை முடியோடு எடுத்து ஆதிமூலத்துக்குப் போர்த்தினார். மனிதர் எழுந்துபோன எந்த மெத்தையிலும் நாய் படுக்கலாம், உட்கார்ந்திருப்பவரைத் தள்ளிவிட்டு ஏறக் கூடாது என்று சட்டம் வந்தது. அது சாப்பாட்டுக்குப் பிறகும் மாறவில்லை. சிம்மாசனத்துக்குக் கீழே கருப்பட்டிக்கென்று தனியாக ஒரு மெத்தை போட்டார்கள். பனிக்காலம் முடியும்வரை சபை கூடுமுன் அதில் உட்கார்ந்து சூடாக்கிக் கொடுக்கும் பொறுப்பு தாண்டவராயருக்கு.

முதல் நாள் அவர் உட்கார்ந்து எழுந்து, முறைப்படி குனிந்து விலகினார். கருப்பட்டி மெத்தையில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. எடுத்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது.

ராயர் மறுபடியும் உட்கார்ந்தார்.