பன்னிரண்டு பட்டங்களும் ஒரு சேதியும்

ஓடாத ஆறு ஒன்று கிடந்த ஒரு காட்டில், முறையாக ஒரு பஞ்சாயத்து நடந்து வந்தது. அதற்குத் தலைவர் ஒரு மயில். பெயர் தோகைராயர்.

நல்லவர்தான், பிள்ளைகளே. குறை சொல்லக் கூடாது. சுனையைத் தூர் வாரினார். முள் மண்டிக் கிடந்த பாதையை வெட்டித் திறந்தார். ஆனால் பட்டம் என்றால் அவருக்கு உயிர்.

பஞ்சாயத்தில் எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் அவருடைய பட்டங்களைச் சொல்லியாக வேண்டும். மொத்தம் பதினொரு பட்டங்கள். "நீலக் கழுத்து நாயகர், நூறு கண் தோகையார், மழையை முன்னறியும் மாமேதை" என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். சேதி அதற்குப் பிறகுதான்.

அறிவிப்பு சொல்லும் வேலை கொண்டையம்மா என்ற மரங்கொத்திக்கு. அலகால் மரத்தை 'டொக் டொக் டொக்' என்று தட்டினால் அதுவே தண்டோரா. காட்டில் அவள் போய்ச் சொல்ல வேண்டிய மரங்கள் நாற்பது. ஒவ்வொரு மரத்திலும் பதினொரு பட்டங்களையும் சொன்னால் பொழுது போதாது அல்லவா? அதனால் ஒரு மரத்தில் ஒரு பட்டத்தைச் சொல்வாள். பறப்பாள். அடுத்த மரத்தில் அடுத்த பட்டம். இப்படியே போய்ப் பன்னிரண்டாவது மரத்தில்தான் சேதி. அது முடிந்ததும் மறுபடி முதல் பட்டத்திலிருந்து தொடங்குவாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது மரங்களில் சேதி விழுவது மூன்றே மூன்று மரங்களில்.

போன மாதம் உண்ணி எடுக்கும் முகாம் ஒன்று நடந்தது. மருத்துவர் உண்ணிக்கொக்கு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றைக் காலில் காத்திருந்தார். வந்தது ஒரே ஓர் எருமை. அதுவும் வழி தவறி வந்தது.

"இத்தனை வசதி செஞ்சு குடுத்தும் ஜனங்க எட்டிப் பாக்கலியே" என்று தோகைராயர் வருத்தப்பட்டார். எட்டிப் பார்க்காததற்குக் காரணம் என்ன என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் வேழப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தார். வேழப்பன் என்பது மேல் ஏரியின் மதகைப் பார்த்துக்கொள்ளும் யானை.

"ஐயா, மலையில பெஞ்ச மழைக்கு ஏரி முட்ட முட்ட நிறைஞ்சு போச்சு. கரை கசியுது. இன்னைக்குப் பொழுது சாயறப்போ மதகைத் திறந்தே ஆகணும். ஆத்துக்குள்ள குடியிருக்கிறவங்க அதுக்குள்ள மேட்டுக்கு ஏறிடணும்."

ஆற்றில் ஐந்து வருடமாகத் தண்ணீர் வரவில்லை. அதனால் பாதி ஊர் ஆற்று மணலிலேயே வளை தோண்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"கொண்டையம்மா, உடனே அறிவிப்பு குடு" என்றார் தோகைராயர். "அவசரத்துல பட்டம் எதையும் விட்டுடாதே."

கொண்டையம்மா பறந்தாள். முதல் மரத்தில் முதல் பட்டம். இரண்டாவது மரத்தில் இரண்டாவது பட்டம். ஏழாவதாக ஆற்றங்கரை மருத மரத்துக்கு வந்து சேர்ந்தாள். தட்டினாள்.

"ஆடற்கலை அரசர்!" என்று ஏழாவது பட்டத்தைச் சொன்னாள்.

கீழே ஆற்று மணலில் பூவாயி என்ற முயல் வளையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏன் பூவாயி, தண்டோரா காதுல விழலையா?"

"விழுதேக்கா. போன தடவையும் ஏழாவது பட்டந்தான் விழுந்துச்சு. எங்களுக்கு எப்பவும் அதுதானே. சேதி எந்த மரத்துல?"

"இன்னும் அஞ்சு மரம் தாண்டணும்."

"அங்க இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க" என்று சொல்லிப் பூவாயி சிரித்தது.

கொண்டையம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வளைக்குள் ஐந்து குட்டிகள் தெரிந்தன. ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. பட்டமாவது ஒன்றாவது என்று கீழே இறங்கி, சேதியைப் பூவாயியின் காதில் சொல்லிவிட்டாள்.

பூவாயி வேலையைப் போட்டுவிட்டு வளைக்குள் பாய்ந்தது. ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கரையில் ஏறியது. கரை செங்குத்தாக இருந்தது. மணல் சரிந்து சரிந்து கீழே இழுத்தது. ஒரு குட்டியை மேட்டில் விட்டுத் திரும்புவதற்குள் வெயில் நன்றாக ஏறிவிட்டது.

"அஞ்சு குட்டி, ஒரு வாய்" என்றது, மூச்சு இரைக்க. "கடைசிக் குட்டியைத் தூக்குறதுக்குள்ள தண்ணி வந்துடும்க்கா. மேல மரத்துக் குரங்குங்க சும்மாதானே உக்காந்திருக்கு? அதுங்களுக்கு விஷயம் தெரிஞ்சா ஓடி வரும். அந்தப் பக்கம் காடை முட்டை போட்டிருக்கா. அவளுக்கும் ஒண்ணும் தெரியாது."

ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்வதென்றால் பகல் போதாது. மரத்தில் தட்டி எல்லாருக்கும் கேட்கச் சொல்லலாம். ஆனால் பட்டத்தை விட்டுவிட்டுச் சேதி சொன்னால் வேலை போய்விடும். கொண்டையம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு நேராகத் தலைவரிடம் பறந்தாள்.

தோகைராயர் பாறை மேல் நின்று தோகையைக் கோதிக்கொண்டிருந்தார்.

"பட்டத்தைக் குறைக்கணும்னு கேக்க வந்தியா? அப்படின்னா வாயைத் திறக்காதே" என்றார்.

"குறைக்கவா? அய்யய்யோ, அந்தப் பாவத்தை நான் செய்வேனா? ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்க வம்சத்துல சாமியையே சுமந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாததா? சாமி புறப்பாட்டுல முன்னால என்ன வரும்?"

தோகைராயருக்குக் கழுத்து ஒரு சாண் நீண்டது.

"முதல்ல கொம்பு. அப்புறம் மேளம். அப்புறம் தீவட்டி, குடை. அதெல்லாம் போன பிறகுதான் மயில் மேல சாமி வருவார்."

"சாமி முன்னால வந்து, மேளம் பின்னால வந்தா?"

"சிரிப்பாங்க."

"நாங்க அதைத்தானே ஐயா செஞ்சுக்கிட்டிருக்கோம்" என்றாள் கொண்டையம்மா வருத்தத்தோடு. "சேதிங்கிறது வெறும் மேளந்தானே? அந்த மேளத்துக்கு முன்னால உங்க பேரை நடக்க விடறோமே, இது அடுக்குமா?"

தோகைராயர் திகைத்துப் போனார்.

"இத்தனை நாளா ஒருத்தரும் இதை எங்கிட்ட சொல்லலியே. மாத்து, இப்பவே மாத்து. சேதி முன்னால போகட்டும். என் பேரு கடைசியில வரட்டும். அப்படியே 'புறப்பாட்டு நாயகர்'னு பன்னிரண்டாவதா ஒண்ணு சேத்துக்கோ."

"ஆகட்டும் ஐயா. ஒவ்வொரு மரத்துலயும் முதல்ல மேளத்தை அனுப்பிடறேன். பட்டங்களை எல்லாம் கடைசி மரத்துல மொத்தமாச் சொல்றேன். ஆத்தங்கரை மருத மரந்தான் கடைசி."

"நானே வந்து நின்னு கேக்கறேன்."

கொண்டையம்மா அம்பு போலப் பறந்தாள். மரத்துக்கு மரம் தட்டினாள்.

"இன்று பொழுது சாயும்போது ஆற்றில் தண்ணீர் வரும். மேட்டுக்கு ஏறுங்கள்."

எட்டே எட்டு வார்த்தைகள். காடே நிமிர்ந்து உட்கார்ந்தது. தண்டோராவில் சேதி வரும் என்பதையே பலர் மறந்து போயிருந்தார்கள்.

"பட்டம் எங்கே?" என்று கேட்டது ஒரு கிழக் குரங்கு.

"கடைசியில வரும். நீங்க முதல்ல ஆத்துக்கு ஓடுங்க."

குரங்குகள் குதித்து ஓடின. பூவாயியின் மீதிக் குட்டிகளை ஆளுக்கொன்றாக மடியில் அணைத்துக்கொண்டு மேட்டில் கொண்டுபோய் விட்டன. காடையின் முட்டைகளைத் தூக்கிச் செல்லக் கீரி முன்வந்தது. காடை அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லி, ஒரு குரங்கின் கையில் கொடுத்து அனுப்பியது. ஆமை மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் மதியமே நடக்கத் தொடங்கிவிட்டது. பொழுது சாய்வதற்கு முன் ஆற்றில் ஒரு வளையிலும் ஆள் இல்லை. மேட்டில் ஐந்து குட்டிகளும் வரிசையாகப் பால் குடித்துக்கொண்டிருந்தன. பூவாயி அவற்றை எண்ணி எண்ணிப் பார்த்தது. திரும்பவும் எண்ணியது.

அந்த நேரம் பார்த்துத் தோகைராயர் வந்து சேர்ந்தார். கரையில் நின்றால் தோகை விரிக்க இடம் போதாதாம். ஆற்று மணலுக்கு நட்டநடுவே இறங்கினார். தோகையை விரித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ம், ஆரம்பி."

தண்ணீர் வருவது அவருக்குத் தெரியாதா? தெரியும். அறிவிப்பு கொடுக்கச் சொன்னவரே அவர்தான். பட்டத்தைக் கேட்கிற ஆசையில் அது மறந்தே போய்விட்டது.

கொண்டையம்மா மளமளவென்று சொல்லத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒன்பதாவதைச் சொல்லும்போது தூரத்தில் 'ஹோ' என்று ஓர் இரைச்சல் கேட்டது.

"ஐயா, தண்ணி வருது. மேல ஏறுங்க."

"நடுவுல நிறுத்தாதே. இன்னும் மூணு இருக்கு."

அந்த மூன்றையும் கேட்க முடியவில்லை. வந்த தண்ணீர் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியது. பறக்கப் பார்த்தார். நனைந்த தோகை கீழே இழுத்தது. நல்லவேளையாகப் பூவாயி பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தது. குரங்குகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு தொங்கி, தலைவரைக் கொண்டையைப் பிடித்து மேட்டில் இழுத்துப் போட்டன.

தோகைராயர் சொட்டச் சொட்ட எழுந்து நின்றார். ஊரே கூடி நின்றது. சிரித்துவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை.

கொண்டையம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஐயா, மீதி மூணு பட்டத்தையும் சொல்லிடட்டுமா?"

"அது கிடக்கட்டும்மா" என்றார் தோகைராயர். அப்போதுதான் அவருக்கு ஊர் நினைவு வந்தது. "ஆத்துக்குள்ள இன்னும் யாராவது இருக்காங்களான்னு பாரு."

"யாரும் இல்லைங்கய்யா" என்றாள் கொண்டையம்மா. "நீங்கதான் கடைசி."

நீதி: ஊருக்கு வேண்டியதை முதலில் சொல். உன் பெருமை காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது.