நேற்று ஊற்றிய எண்ணெய்

வண்டியின் எண்ணெயைச் சோதித்து, இஞ்சினுக்குள் எது தேய்கிறது என்று சொல்வதில் ஜமீலாவை மிஞ்ச சேலத்தில் ஆள் இல்லை என்பார்கள். பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்தியவர். அதை விட்டுவிட்டுச் சிறியதாக ஒரு சோதனைக்கூடம் வைத்திருந்தார். வயது நாற்பதுக்குள்தான்.

அவருடைய ஒரே சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்தைந்து. ஏற்காட்டில் மெக்கானிக். மனைவி பூங்காவனத்துக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் இரண்டு நாள் மலையிலிருந்து இறங்கி டயாலிசிஸுக்கு வருவார்கள். மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும் நேரத்தில் எங்கே போவது என்று தெரியாமல், ஒருநாள் எதிரே இருந்த சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தார். பிறகு அங்கேயே பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"திறந்து பாத்தா தெரிஞ்சிடப் போவுது. எதுக்கு டீச்சர் எண்ணெய்?" என்று முதல் நாள் கேட்டார்.

"திறந்து மூடுன இஞ்சின் அதே இஞ்சினா இருக்குமா அண்ணே?" என்றார் ஜமீலா.

அதன்பின் அவர் கேட்பதைக் குறைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். எண்ணெயில் இரும்பு கூடினால் சிலிண்டர் சுவர் தேய்கிறது. அலுமினியம் என்றால் பிஸ்டன். செம்பும் ஈயமும் சேர்ந்து வந்தால் பேரிங். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எல்லாம் அந்தக் கறுப்புத் துளியில் மிதந்தன. முப்பது வருடம் இஞ்சின்களைப் பிரித்துப் போட்ட மனிதருக்கு அந்த வியப்பு அடங்கவே இல்லை. மலையில் ஓடும் லாரி, ஜீப் எல்லாவற்றிலிருந்தும் எண்ணெய் பிடித்துக் கொண்டுவந்தார்.

அந்த வருடம் அவருடைய சொந்தக் கார் ஏற்றத்தில் முனக ஆரம்பித்தது. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய டீசல் வண்டி. அடியிலிருந்து தட்டுவதுபோல ஒரு சத்தம்.

"பேரிங்னு காது சொல்லுது" என்றார் மாசிலாமணி. "வளைவுல இஞ்சின் பிடிச்சிக்கிட்டா, உள்ள அவ இருப்பா. பிரிச்சுப் போட்டா வண்டி ஒரு மாசம் எந்திரிக்காது. டயாலிசிஸ் முடிஞ்ச உடம்போட பஸ்ல நிக்க அவளால ஆகாது."

"அடுத்த தடவை வர்றப்ப வண்டியை இங்க கொண்டுவந்து நிறுத்துங்க" என்றார் ஜமீலா.

கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி கழுவித் துடைத்திருந்தது. முகப்பில் சந்தனமும் குங்குமமும்கூட இருந்தன. ஜமீலா ஒரு மெல்லிய குழாயை இறக்கிச் சூடான எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேன் நிறத்தில் மினுங்கியது.

"எப்ப மாத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம். ஃபில்டரும் புதுசு. உங்க முன்னால வர்ற வண்டி..."

"நேத்து வந்த மருமககிட்ட போயி மாமியார் குணத்தைக் கேக்கச் சொல்றீங்களேண்ணே. அவ என்ன சொல்லுவா, பாவம்?"

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழைய எண்ணெய் எங்க?"

"பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போய் வேலிக் கம்புக்கெல்லாம் பூசிட்டாரு. கரையானுக்கு."

"அப்ப ரிப்போர்ட்டைக் கரையான்கிட்டதான் வாங்கணும்."

மாசிலாமணி சிரிக்கவில்லை. "ஊர் வண்டிக்கெல்லாம் நான்தானே டீச்சர் கறுப்பா எடுத்துட்டு வந்தேன்?"

"அது ஊர் வண்டி" என்றார் ஜமீலா.

மாசிலாமணி பானெட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "இனி என்ன பண்றது?"

"ஓட்டுங்க. அழுக்காகட்டும். எண்ணெய் விளக்கு எரிஞ்சா மட்டும் அந்த இடத்துலயே நிறுத்திடுங்க."

"அதுவரைக்கும் அவளை எப்படி ஏத்திக்கிட்டுப் போறது?"

"மெதுவா."

அன்று திரும்பும் வழியில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாய்ந்து படுத்திருந்த பூங்காவனம் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"சுகர் டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பைத் தொடாத ஆளாச்சே நீங்க. புத்தி எங்க போகும்?"

"மரியாதைக்காகப் பண்ணேன்டி."

"எனக்கு அங்க ரத்தம் எப்ப எடுக்கறாங்க? மிஷின்ல போட்டுச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி. எத்தனை தடவை பக்கத்துலயே நின்னு பாத்திருக்கீங்க!"

அவர் வளைவைக் கவனித்து ஓட்டினார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பூங்காவனமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

"பயமா இருக்கா?" என்றார் மாசிலாமணி.

"நீங்க பேசாம ஓட்டுங்க. அது கறுக்கட்டும்."

ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில் மாசிலாமணி தனியாகவே மலையில் இறங்கி ஏறினார். அடிவாரத்து டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "என்ன மேஸ்திரி, சவாரியே இல்லாம ஓடிக்கிட்டிருக்கீங்க?"

"எண்ணெய் கறுக்கணும்."

"மெக்கானிக்குக்கே மரை கழண்டா யாருய்யா முடுக்கறது?" என்று கடையே சிரித்தது. அவரும் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினார்.

மழை ஓய்ந்து வெயில் வந்தபோது எண்ணெய் மை போலக் கறுத்திருந்தது. இந்த முறை வண்டியைக் கழுவவில்லை. வந்த சூடு ஆறுமுன் ஜமீலா எண்ணெயை எடுத்துக் கருவியில் வைத்தார். மாசிலாமணி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

"உக்காருங்கண்ணே. நீங்க நடந்தா அது மாறிடாது."

உட்கார்ந்தார்.

ஜமீலா வெகுநேரம் பார்த்தார். பிறகு, பார்க்கக் கிடைக்காத ஒன்றைப் பார்த்தவர்போல மெல்லச் சொன்னார்: "இத்தனை வருஷம் மலை ஏறியிருக்கு. செம்பும் ஈயமும் இருக்கற இடமே தெரியல. என்ன இஞ்சின்ணே இது!"

"பேரிங் இல்லையா?"

"இதுல அப்படித் தெரியல. இரும்பு கொஞ்சம் கூடியிருக்கு. மண்ணு ரொம்பவே கூடியிருக்கு."

"மண்ணா?"

"புழுதி உள்ள போவுது. எந்த வழியாப் போவுதுன்னு பாருங்க."

மாசிலாமணி பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனார். கிளிப்புக்குப் பின்னால், கண்ணுக்கு மறைவான இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. தட்டும் சத்தத்தையும் விடவில்லை. அடியில் படுத்துத் தேடினார். இஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒன்று கிழிந்து, இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டிருந்தன. இரண்டையும் வாங்கி வந்து அங்கேயே மாற்றினார். ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பூங்காவனத்தை அழைத்துவந்து முன் இருக்கையில் உட்கார வைத்தார். கையில் ஊசிக் கட்டு இருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஜமீலா வாசல்வரை வந்தார்.

மாசிலாமணி கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

"டீச்சர், இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?"

பூங்காவனம் தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்தார்.

"அதை எந்த எண்ணெயும் எங்கிட்ட சொன்னதில்லண்ணே" என்றார் ஜமீலா.

ஒரு பஸ் போயிற்று. புழுதி அடங்கியது.

பூங்காவனம் ஜன்னல் வழியாகக் கேட்டார்: "இன்னைக்கு மலை ஏறலாமா டீச்சர்?"

"தாராளமா ஏறலாம்க்கா."