கணக்கில் வளர்ந்த ஏழு யானைகள்

யானைக்கு இருந்த மரியாதை மனுஷனுக்கு இல்லாத ஒரு காலத்தில், மருதங்கோட்டை என்ற நாட்டை மகுடபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். யானை என்றால் அவருக்கு உயிர். ஆனால் கிட்டே போனால் தும்மல் வரும். அதனால் யானைகளைப் போய்ப் பார்ப்பதைவிட, எத்தனை இருக்கின்றன என்று காதால் கேட்டு மகிழ்வதே அவருக்கு வசதியாக இருந்தது.

"நமக்கு யானை எத்தனை, திருமேனியாரே?" என்பார் தினமும்.

"இருபத்தைந்து, மகாராஜா. பதினெட்டு இங்கே கொட்டிலில், ஏழு மலையடிவாரத்தில்," என்பார் யானைக்கொட்டில் அதிகாரி திருமேனி. அதைக் கேட்டால்தான் ராஜாவுக்குச் சோறு இறங்கும்.

உண்மையில் மலையடிவாரத்தில் ஒரு யானையும் கிடையாது. யானை வாங்கக் கொடுத்த பணத்தில் திருமேனி ஒரு மாந்தோப்பு வாங்கிவிட்டார். வாங்காத யானைகளுக்கு அரிசியும் வெல்லமும் மட்டும் மாதம் தவறாமல் கிளம்பிப் போய்ப் பக்கத்து ஊர்ச் சந்தையில் விலையாயின. வாங்குவது அவர், அளப்பது அவர், வண்டி ஏற்றுவது அவர், கணக்கு எழுதுவதும் அவர். காய்ச்சல் அடித்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்காருவார். ஒரு நாள் வேறொருவர் அந்த மணையில் உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும் என்ற பயம். ஊரோ, "உழைச்சா இவரை மாதிரி உழைக்கணும்" என்று மெச்சியது. கேட்டுக் கேட்டுத் திருமேனிக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, எல்லாக் கணக்கையும் பார்க்கிற மந்திரி செவ்வந்தியப்பர். பேரனுக்குக் காதுகுத்து என்று மந்திரி ஊருக்குப் போன சமயம் பார்த்து, திருமேனி ராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, மந்திரியாருக்குக் காதுகுத்தும் கல்யாணமும்தான் பெரிதாக இருக்கிறது. அடியேன் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததுண்டா?"

ராஜாவின் புத்தி காற்றடித்த பக்கம் சாய்கிற நாணல். மந்திரி திரும்பி வந்ததும், "உம்முடைய முத்திரை மோதிரத்தைக் கழற்றித் திருமேனியாரிடம் கொடும். உழைப்பவருக்கே பதவி," என்றார்.

செவ்வந்தியப்பர் முகம் சுளிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் முன்னால் வைத்தார். "நல்ல முடிவு, மகாராஜா. ஆனால் இப்படி உழைத்தவரை ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் அடுத்த வேலைக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? அரண்மனைச் செலவில் காசிக்கு அனுப்புங்கள். வந்து பதவி ஏற்கட்டும். அதுவரை மலையடிவாரத்து வண்டியைக் கஜானா எழுத்தர் கொண்டுபோய்ச் சேர்ப்பார்."

திருமேனி அவசரமாக முன்னால் வந்தார். "எனக்குக் காசி எதற்கு, மகாராஜா? யானைகள்தான் என் தெய்வம்."

"தெய்வத்துக்கு நைவேத்தியம் எழுத்தர் வைப்பார்," என்றார் மந்திரி.

"புது ஆள் கொடுத்தால் அவை தின்னாது."

"பசித்தால் தின்னும்," என்றார் ராஜா. "நாளைக்கே கிளம்பும்."

வீட்டில் மனைவி சந்தோஷமாகக் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திருமேனி சாப்பிடாமலே பாயை விரித்தார். படுத்துப் புரண்டு யோசித்ததில் ஒரு வழி புலப்பட்டது. இல்லாத யானைக்குச் சோறு போடத்தான் முடியாது. சாகடிப்பது சுலபம்.

மறுநாள் காலை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சபைக்குள் ஓடிவந்தார். "மகாராஜா, மோசம் போனோம். மலையடிவாரத்தில் கொள்ளைநோய். ஏழு செல்வங்களும் ஒரே ராத்திரியில் போய்விட்டன."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். செவ்வந்தியப்பரும் தலைகுனிந்துகொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, திருமேனியாரே. அப்படியென்றால் கஜானாவுக்கு ஏழாயிரம் பொன் வரவேண்டும். தந்தங்களை எப்போது கொண்டுவருகிறீர்கள்?"

ராஜாவின் அழுகை நின்றது. "ஆமாம், தந்தம் எங்கே?"

இதைத் திருமேனி யோசித்திருக்கவில்லை. "அது... எல்லாம் பெண் யானைகள், மகாராஜா. தந்தம் கிடையாது."

"அப்படியா," என்றார் மந்திரி. "வருஷா வருஷம் அந்த ஏழு யானைகளின் தந்தத்துக்கும் பித்தளைப் பூண் போட்டதாகப் பணம் வாங்கியிருக்கிறீர்களே. பெண் யானைக்குப் பூணை எங்கே மாட்டினீர்கள்?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திருமேனி தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். மாந்தோப்பு, சந்தை, அரிசி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார்.

"உமக்கு எப்போது சந்தேகம் வந்தது?" என்று மந்திரியைக் கேட்டார் ராஜா.

"இங்கே இருக்கிற யானைகளுக்கு மதம் பிடிக்கிறது, வயிறு கெடுகிறது, சில நாள் தீனியைத் தொடுவதில்லை. மலையடிவாரத்து யானைகள் மட்டும் ஒரு கவளம் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அவ்வளவு ஒழுக்கம் உயிருள்ள எதற்கும் கிடையாது, மகாராஜா."

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"நேற்று என் மோதிரத்தையே கழற்றச் சொன்னீர்கள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்களா?"

ராஜா மோதிரத்தை எடுத்து மந்திரியின் விரலில் தாமே மாட்டிவிட்டார். சேனாதிபதி வல்லரசு எழுந்து, "ராஜாவின் சொத்தைத் தின்ற இவனுக்குக் கசையடி கொடுக்கவேண்டும்," என்று தொண்டை கிழியக் கத்தினார். மந்திரி வேண்டாம் என்றார். தோப்பு கஜானாவுக்குப் போனது. திருமேனிக்கு யானைக்கொட்டிலிலேயே லத்தி அள்ளும் வேலை கிடைத்தது.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்றார் ராஜா.

"ஒரு தண்டோரா போதும். அரண்மனையில் எல்லா அதிகாரிகளும் வருஷத்துக்கு ஒரு மாதம் கட்டாயம் வீட்டில் இருக்கவேண்டும். அந்த மாதம் அவர்கள் வேலையை இன்னொருவர் பார்க்கவேண்டும்."

அன்று மாலையே தண்டோரா போட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் கூடையும் கையுமாகக் கொட்டிலிலிருந்து வெளியே வந்த திருமேனி, கஜானா வாசலில் நீள வரிசை ஒன்றைக் கண்டார். மடைப்பள்ளிக்காரர் நெய்ப்பானைகளோடு நின்றார். விளக்கெண்ணெய் அதிகாரி தலையைத் தொங்கப் போட்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால், இரண்டு மூட்டைப் பொன்னோடு நின்றது சேனாதிபதி வல்லரசு.

"இது என்ன பணம், ஐயா?" என்று கேட்டார் எழுத்தர்.

சேனாதிபதி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம் படையில் முந்நூறு பேர் நேற்று ராத்திரி கொள்ளைநோயில் போய்விட்டார்கள். அவர்களுடைய சம்பளம்."