நரி கொண்டுவந்த ஆங்கிலச் சொல்

ஒரு காட்டில் கோடைக்குத் தாங்குகிற குளம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற ஓடைகளெல்லாம் சித்திரை பிறப்பதற்குள் வற்றிவிடும். அந்தக் குளத்தில்தான் முயலும் குடிக்கும், மயிலும் குடிக்கும், குரங்குக் கூட்டமும் குடித்துவிட்டுக் கும்மாளம் போடும். எருமை மட்டும் குடித்த பிறகு கரையேறாது. மூக்கு வெளியே தெரிய, மாலைவரை அதிலேயே ஊறிக் கிடக்கும்.

காட்டின் ஓரத்தில் ஒரு பங்களா இருந்தது. அதிகாரிகள் அங்கே வந்து கூட்டம் போடுவார்கள். ஒரு நரி அந்தப் பங்களாவின் பின்பக்கம் போய்ப் படுத்திருக்கும். கோழி எலும்புக்காகப் போன நரிதான். ஆனால் ஒருநாள் எலும்போடு ஓர் ஆங்கிலச் சொல்லையும் கவ்விக்கொண்டு வந்தது.

"யுனானிமஸ்!" என்றது நரி, மார்பை நிமிர்த்தி.

விலங்குகள் வாய் பிளந்தன. என்ன கம்பீரமான சொல்! பெரிய இடத்துச் சொல் என்பது கேட்டவுடனே தெரிகிறதே! பொருள் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால் படிக்காத விலங்கு என்று நினைத்துவிடுவார்களே என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

கேட்காவிட்டால் என்ன, சொல்லலாமே! மறுநாள் காலையில் மயில் தோகையை விரித்து, "இன்று என் தோகை மிகவும் யுனானிமஸாக இருக்கிறது" என்றது. குரங்கு ஒரு மாம்பழத்தை அழுத்திப் பார்த்து, "இன்னும் யுனானிமஸ் ஆகவில்லை" என்று வீசி எறிந்தது. முயலோ தன் குட்டிகளைப் பார்த்து, "யுனானிமஸ் பண்ணாமல் தூங்குங்கள்!" என்று அதட்டியது.

நரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பொருள் தெரியும். அதிகாரிகள் அந்தச் சொல்லை எங்கே, எதற்குச் சொல்கிறார்கள் என்று கவனித்துக் கற்றிருந்தது. 'இவர்கள் இப்படி இருக்கும்போது, நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும்?' என்று எண்ணியது.

அந்தக் காட்டுக்குத் தலைவர் யானையார். எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசுவார். பேச்சு முடிந்ததும் காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதிப்பார். மிதித்துவிட்டால் தீர்ப்பு தீர்ப்புதான். பிறகு அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

கோடை முற்றியதும் கூட்டம் கூடியது. நரி முன்னால் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டது.

"இன்றுமுதல் குளம் நரிக்கே சொந்தம். நரி விட்டால்தான் மற்றவர்கள் தண்ணீர் குடிக்கலாம். இது யுனானிமஸாகத் தீர்மானிக்கப்பட்டது. யானையாரே, மிதியுங்கள்!"

முயலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி..." என்று வாயெடுத்தது.

"ஷ்! யுனானிமஸ் ஆன பிறகு பேசுவார்களா? உனக்குத் தெரியாதா?" என்றது நரி.

"தெரியுமே!" என்று முயல் அவசரமாக வாயை மூடிக்கொண்டது. மயில் தலையாட்டியது. குரங்கு இரண்டு மடங்கு தலையாட்டியது. யானையாரும் தெரிந்தவர்போல் காலைத் தூக்கினார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நரியண்ணே, யுனானிமஸ் என்றால் என்ன?"

கேட்டது எருமை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஐயோ எருமையக்கா! இதுகூடத் தெரியாதா?" என்றது குரங்கு. "தோல் தடித்தவர்களுக்கு வெட்கமே கிடையாதப்பா!" என்றது மயில்.

"தோல் தடிப்புதான். அதனால் நீங்கள் சிரிப்பது எனக்கு உறைக்கவே இல்லை" என்றது எருமை, நிதானமாக அசைபோட்டபடி. "தெரிந்தவர்கள் யாராவது பொருளைச் சொல்லுங்கள்."

மயில் கழுத்தை வளைத்தது. "அது வந்து... அழகு. வேறென்ன?"

"போ மயிலாரே! பழுத்தது என்று பொருள்" என்றது குரங்கு.

"இல்லையில்லை, சத்தம் போடுவது!" என்றது முயல்.

மூன்றும் சண்டை பிடித்துக்கொண்டன. யானையார் தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார். "பொருள் தெரியாத சொல்லுக்கு நான் மிதிக்க மாட்டேன். கூட்டம் கலையட்டும்" என்றார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று நரி பதறியது. "கலைக்காதீர்கள்! நானே சொல்கிறேன். ஒருவர்கூட மறுக்காமல், எல்லோரும் ஒரே மனதாக ஒப்புக்கொள்வதற்குத்தான் யுனானிமஸ் என்று பெயர். போதுமா? எங்கே, மிதியுங்கள்!"

"ஒருவர்கூடவா?" என்று கேட்டது எருமை.

"ஆமாம், ஒருவர்கூட!"

"அப்படியானால் நான் மறுக்கிறேன்."

நரி திகைத்தது. "நீ ஒருத்தி மறுத்தால் என்ன ஆகிவிடும்?"

"நீ சொன்ன அந்தச் சொல் பொய்யாகிவிடும்" என்றது எருமை.

உடனே முயல் துள்ளி எழுந்தது. "நானும் மறுக்கிறேன்!" "நானும்!" "நானும்!" என்று குரல்கள் கிளம்பின. குரங்குகள் கிளைக்குக் கிளை தாவி மறுத்தன. சிரித்தோமே என்று மயிலுக்குத்தான் முகம் சிறுத்துப்போயிற்று. அது எருமையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எல்லோரையும்விட உரக்க மறுத்தது.

யானையார் துதிக்கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "இப்போது நான் கேட்கிறேன். குளம் எல்லோருக்கும் பொது. மறுப்பவர் உண்டா?"

யாரும் மறுக்கவில்லை. எல்லாக் கண்களும் நரியின் பக்கம் திரும்பின.

உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து பேசிப் பேசி நரியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முடிவு ஆகாமல் யாரும் குளத்துக்குப் போக முடியாது. நரி குளத்தைப் பார்த்தது. தண்ணீர் பளபளத்தது.

"என்ன நரியாரே, மறுப்பு உண்டா?"

"இல்லை... இல்லவே இல்லை. சீக்கிரம் மிதியுங்கள், தாகம் உயிர் போகிறது!"

யானையார் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "யுனானிமஸ்!" என்று காடே அதிரக் கத்திக்கொண்டு விலங்குகள் குளத்துக்கு ஓடின. இந்த முறை அதைப் பொருள் தெரிந்து சொன்னார்கள். எருமை தொபுக்கென்று விழுந்ததில் பாதிப்பேர் நனைந்தே போனார்கள்.

நரி தயங்கித் தயங்கிக் கடைசியாக வந்தது. முயல் கொஞ்சம் நகர்ந்து அதற்கும் இடம் விட்டது.

நீதி: பொருள் தெரியாத சொல்லுக்குத் தலையாட்டாதே, கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கமில்லை.